கண்ணை மூடிக்கொண்டு ஆடச் சொல்லாதீர்கள்

ஸ்டட் போக்கர் ஆடப் புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்டுவதாகச் சொல்லிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்துக் கொதித்துப்போய் இதை எழுதுகிறேன். அதன் சாரம் ஐந்து அறிவுரைகள். எந்த மூன்று சீட்டு வந்தாலும் ஆடு, இன்னும் நான்கு சீட்டு பாக்கி இருக்கிறது. கழிந்துபோன சீட்டுகளை நினைவில் வைப்பது கணக்குப் புலிகளின் வேலை, உனக்கு வேண்டாம். உள்ளே நுழைய ஆகும் காசு சொற்பம், அதற்குப் பயப்படாதே. பாதி வழி வந்தபின் சீட்டைக் கவிழ்த்து விலகுவது கோழைத்தனம். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிராளியின் சீட்டைப் பார்ப்பதைவிட அவர் கண்ணைப் பார், துணிந்து பிளஃப் செய், அதாவது வெறும் கையோடும் பந்தயம் வைத்து மிரட்டு.

இந்த ஐந்தும் தவறு. அதுவும் ஒரே திசையில் தவறு. ஐந்துமே புதியவரைக் கூடுதலாகக் காசு வைக்கச் சொல்கின்றன, குறைவாகப் பார்க்கச் சொல்கின்றன. தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் புதியவரின் பையைக் காலி செய்வதற்கென்றே உட்கார்ந்து அறிவுரை எழுதினாலும் இதைவிடத் திறமாக எழுதியிருக்க முடியாது. கட்டுரையாளருக்கு அந்த எண்ணம் இல்லை என்றே நம்புகிறேன். ஆனால் எண்ணம் நல்லதாக இருந்து என்ன பயன்? நஷ்டப்படப் போகிறவர் அவரை நம்பி மேசையில் உட்காரும் வாசகர்தானே.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். செவன் கார்டு ஸ்டட்டில் ஒரு மேசைக்கு அதிகபட்சம் எட்டுப் பேர். சீட்டு போடுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் ஒரு சிறு ஆரம்பக் காசு வைக்க வேண்டும். பிறகு ஆளுக்கு மூன்று சீட்டு, இரண்டு கவிழ்த்து, ஒன்று திறந்து. திறந்த சீட்டுகளில் ஆகச் சிறியதை வைத்திருப்பவர் கட்டாயமாக ஒரு சிறு தொகை வைத்துப் பந்தயத்தைத் தொடங்க வேண்டும். அதற்கு பிரிங்-இன் என்று பெயர். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது சீட்டுகள் திறந்தே வரும். ஏழாவது மட்டும் கவிழ்ந்து வரும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சுற்றுப் பந்தயம். கடைசிவரை நிற்பவர்கள் தங்கள் ஏழு சீட்டில் சிறந்த ஐந்தைக் காட்ட, பெரிய கை காசை அள்ளும். பெரும்பாலான மேசைகளில் பந்தயத்துக்கு வரம்பு உண்டு. 4-8 டாலர் மேசை என்றால் முதல் இரண்டு சுற்றில் 4 டாலர், பின் மூன்று சுற்றில் 8 டாலர்.

இன்று உலகம் முழுக்க ஆடப்படும் ஹோல்டெம் என்ற போக்கர் வகையில் மேசை நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விரிப்பார்கள். ஸ்டட்டில் அப்படிப் பொதுச் சீட்டு வைத்து ஆடுவதில்லை. அவரவர் சீட்டு அவரவர் முன்னால். இந்த வேறுபாட்டில்தான் எல்லாமே இருக்கிறது. எட்டுப் பேர் உட்கார்ந்த மேசையில் முதல் முடிவை எடுக்கும்போது ஹோல்டெம் ஆடுபவருக்குத் தெரிவது தன் கையிலுள்ள 2 சீட்டு மட்டும். ஸ்டட் ஆடுபவருக்குத் தன்னுடைய 3 தெரியும், மற்ற ஏழு பேரின் திறந்த சீட்டு 7 தெரியும். 52-இல் 10. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குச் சீட்டுக்கட்டு, ஒரு காசும் கூடுதலாகக் கேட்காமல் கண்முன்னே கிடக்கிறது. 1990-களில் அட்லாண்டிக் சிட்டியிலும் கனெக்டிகட்டின் ஃபாக்ஸ்வுட்ஸிலும் ஸ்டட் மேசைகள் நிரம்பி வழிந்த காலத்தில் அங்கே நிலைத்து ஜெயித்தவர்கள் இந்தப் பத்துச் சீட்டைப் படித்தவர்கள். கட்டுரையாளர் புதியவரிடம் பார்க்காதே என்று சொல்வது இந்தப் பத்தைத்தான்.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன்.

எந்த மூன்று சீட்டும் தேறும் என்கிறார். 52 சீட்டிலிருந்து மூன்றை எடுக்க 22,100 வழிகள் உண்டு. அதில் ஒரே எண் மூன்று வருவது 52, அதாவது 425-க்கு ஒரு முறை. ஜோடி வருவது 3,744. மூன்றும் ஒரே சின்னமாக வருவது 1,144. சின்னம் கலந்து, ஆனால் எண் வரிசையாக வருவது 720. கூட்டிப் பாருங்கள், 5,660. 2-இன் ஜோடி முதல் ஏஸ் ஜோடி வரை, வரிசையில் ஆகச் சிறியதையும் விடாமல், எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டாலும் நான்கில் ஒரு கைதான் பேசத் தகுந்தது. மிச்சம் முக்கால் பங்குக் கைகளில் ஒன்றும் இல்லை. கட்டுரையாளர் புதியவரைக் காசு வைத்து ஆடச் சொல்வது இந்த முக்கால் பங்கில்.

இன்னும் நான்கு சீட்டு வருமே என்பது அவர் வாதம். வரும். எதிரே இருப்பவருக்கும் அதே நான்கு வரும் என்பதை அவர் ஏன் மறந்தார்? ராஜா ஜோடியோடு தொடங்கியவருக்கும் நான்கு, 3-8-ஜாக் என்று கலந்தடித்துத் தொடங்கியவருக்கும் நான்கு. முன்னே நிற்பவர் முன்னேயே முடிப்பது வழக்கம், பின்னே நிற்பவர் தாண்டுவது விதிவிலக்கு. ஏழு சீட்டு வந்தால் ஏதாவது பெரிய கை அமைந்துவிடும் என்ற மயக்கமும் பலருக்கு உண்டு. எந்தத் தெரிவும் இல்லாமல் ஏழு சீட்டு எடுத்தால் 100-க்கு 61 முறை ஒற்றை ஜோடியோ அதற்கும் கீழோதான் மிஞ்சும். ஐந்து சீட்டு எண் வரிசையாக அமையும் ஸ்ட்ரெய்ட் 100-க்கு ஐந்து முறைகூட இல்லை, ஐந்தும் ஒரே சின்னமாக அமையும் ஃபிளஷ் மூன்று முறை. கட்டுரையாளர் நம்பச் சொல்லும் நான்கு சீட்டின் உண்மையான விலை இவ்வளவுதான்.

அடுத்து, கழிந்த சீட்டை நினைவில் வைப்பது புதியவருக்குத் தேவையில்லை என்கிறார். ஐந்தில் இதுதான் மன்னிக்க முடியாதது. ஒரு கையை விரித்துக் காட்டுகிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

உங்களுக்குக் கவிழ்ந்து வந்தவை ஹார்ட்டின் 9, ஹார்ட்டின் 4. திறந்து வந்தது ஹார்ட்டின் ஜாக். மூன்றும் ஒரே சின்னம், ஃபிளஷ் ஆசை வந்துவிட்டது. கழுத்தை நிமிர்த்தி மேசையை ஒரு சுற்று பாருங்கள். இடப்பக்கத்தில் தொடங்கி ஹார்ட்டின் ஏஸ், ஸ்பேடு 8, ஹார்ட்டின் 7, கிளாவர் ராஜா, ஹார்ட்டின் 3, டைமன் 2, ஹார்ட்டின் 10. நீங்கள் பார்க்காத 42 சீட்டில் இனி 6 ஹார்ட்டின்தான் பாக்கி. அடுத்த நான்கு சீட்டில் குறைந்தது இரண்டு ஹார்ட்டின் வந்தால்தான் ஃபிளஷ். அதற்கான வாய்ப்பு 100-க்கு 9. அதே மூன்று சீட்டோடு, மற்ற ஏழு பேர் முன்னால் ஒரு ஹார்ட்டின்கூட இல்லாதிருந்தால் வாய்ப்பு 100-க்கு 23-ஐத் தாண்டும். கையிலுள்ள மூன்று சீட்டு ஒன்றும் மாறவில்லை. வாய்ப்பு மட்டும் இரண்டரை மடங்கு மாறிவிட்டது. மேசையைப் பார்க்காதவருக்கு இரண்டும் ஒரே கை. ஒன்றில் ஆட வேண்டும், மற்றதில் சீட்டைக் கவிழ்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

ஜோடியிலும் இதே கதை. கவிழ்ந்த இரண்டும் 9. மற்ற இரண்டு ஒன்பதுகளும் எங்கும் தெரியவில்லை என்றால் மூன்றாவது 9 வந்து சேர 100-க்கு 18 வாய்ப்பு. ஒரு 9 யாராவது ஒருவர் முன்னால் திறந்து கிடந்தால் அது 100-க்கு 9 அல்லது 10. இரண்டும் திறந்து கிடந்தால் பூஜ்யம். உங்கள் ஜோடி சாகும்வரை ஜோடிதான். இதைக் கண்டுபிடிக்கக் கணக்குப் புலி எதற்கு? ஒன்பது என்ற எண்ணை அடையாளம் தெரிந்தால் போதும்.

ஸ்டட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. ஆட்டத்திலிருந்து விலகுபவர் தன் திறந்த சீட்டையும் கவிழ்த்துவிடுவார். அது கழித்த சீட்டுகளோடு போய்ச் சேரும், திரும்பப் பார்க்க முடியாது. முதல் சுற்றில் பார்த்ததை ஐந்தாவது சீட்டு வரும்போது நினைவில் வைத்திருப்பவரே ஆடத் தகுந்தவர். இது புதியவருக்கு மலைப்பாக இருக்கும் என்கிறார் கட்டுரையாளர். ஏழு சீட்டையும் ஒப்பிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இரண்டே கேள்விகள். எனக்கு வேண்டிய சீட்டு எத்தனை வெளியே போய்விட்டது? என் கையைவிடப் பெரிய சீட்டு யார் யார் முன்னால் இருக்கிறது? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் புதியவருக்குப் போதும்.

பழக்கமும் எளிது. வீட்டில் ஒரு சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு எட்டுப் பேருக்குப் போடுவதுபோல எட்டுக் குவியல் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டைத் திறந்து வையுங்கள். பத்து நொடி பாருங்கள். பிறகு ஐந்தைக் கவிழ்த்துவிட்டு, கவிழ்த்தவற்றில் எத்தனை ஸ்பேடு, எந்த எண்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு மனதுக்குள் அடுக்கிக்கொண்டால் எளிதில் நிற்கும். சில வாரம் இப்படிச் செய்தவருக்கு மேசையில் தடுமாற்றம் இருக்காது. இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய இடத்தில் தேவையில்லை என்று ஒற்றை வரியில் கைகழுவியதை நான் எப்படி ஏற்பது?

ஹெர்பர்ட் யார்ட்லி என்ற அமெரிக்கரைப் பற்றிக் கட்டுரையாளர் கேள்விப்பட்டிருக்கலாம். முதல் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டில் அமெரிக்காவின் ரகசியக் குறியீட்டு உடைப்புப் பிரிவை நடத்தியவர். 1921-22-இல் வாஷிங்டனில் நடந்த கடற்படை மாநாட்டின்போது ஜப்பானின் ரகசியத் தந்திகளைப் படித்துக் கொடுத்தவர்கள் அவருடைய ஆட்கள். அவர் 1957-இல் போக்கர் பற்றி எழுதிய புத்தகம் பல தலைமுறை ஆட்டக்காரர்களை வளர்த்தது. ஸ்டட்டின் ஐந்து சீட்டு வகையான ஃபைவ் கார்டு ஸ்டட்டுக்கு அவர் சொன்ன அடிப்படை விதி, மேசையில் திறந்து தெரிவதையே உன் கை தாண்டவில்லை என்றால் தொடராதே என்பது. மறைந்திருப்பதைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர், தெரிவதை முதலில் பார் என்றார். நம் கட்டுரையாளரோ தெரிவதை விட்டுவிட்டு மறைந்திருப்பதை ஊகிக்கச் சொல்கிறார்.

மூன்றாவது, உள்ளே நுழைவது மலிவு என்ற வாதம். 4-8 டாலர் மேசையில் ஆரம்பக் காசு அரை டாலர், பிரிங்-இன் ஒரு டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டாலர்தானே என்று புதியவர் வைப்பார். அடுத்தவர் அதை 4 ஆக்குவார். இவ்வளவு வைத்தாகிவிட்டது என்று இவரும் தன்னுடையதை 4 ஆக்குவார். நான்காவது சீட்டில் 4. ஐந்தாவதில் 8, ஆறாவதில் 8, ஏழாவதில் 8. யாரும் ஒரு முறைகூட மேலே ஏற்றாவிட்டாலும் 32 டாலர். யாராவது ஏற்றினால் இன்னும் போகும். ஆக, முதலிலேயே கவிழ்த்தவருக்கு நஷ்டம் அரை டாலர், மலிவு என்று நுழைந்து கடைசிவரை போய்த் தோற்றவருக்கு ஆரம்பக் காசையும் சேர்த்து அதைப்போல 65 மடங்கு.

நம் ஊரில் 13 சீட்டு ரம்மி ஆடுபவர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். கை சரியில்லை என்றால் முதலிலேயே ஸ்கூட் விட்டு 20 பாயின்ட்டோடு தப்பிப்பார்கள். நடுவில் விட்டால் 40. அசட்டுத் துணிச்சலோடு உட்கார்ந்திருந்து மாட்டினால் 80 வரை. முதல் ஸ்கூட் விடுபவரை யாரும் கோழை என்று சொல்வதில்லை, ஆட்டம் தெரிந்தவர் என்பார்கள். ஸ்டட்டில் முதல் மூன்று சீட்டைக் கவிழ்ப்பதும் அதே விவேகம்தான். 20-க்கும் 80-க்கும் நான்கு மடங்கு வித்தியாசம். இங்கே 65 மடங்கு.

நான்காவது அறிவுரை இதன் நீட்சி. பாதி வழி வந்தபின் விலகாதே என்கிறார். முதலில் பாதி வழி என்பதே பொய்க்கணக்கு. மேலே சொன்ன 32 டாலரில், ஐந்தாவது சீட்டு வந்து விழும்போது செலவானது 8 டாலர், இனிச் செலவாகப் போவது 24. அதாவது கால்வாசிதான் போயிருக்கிறது, முக்கால்வாசி இன்னும் பையில் இருக்கிறது. பந்தயத் தொகை இரட்டிப்பாவதும் அந்தக் கட்டத்தில்தான். விலகுவதற்கு ஆகச் சரியான இடத்தைக் காட்டி, இங்கே விலகாதே என்று சொல்லித்தருகிறார் இவர்.

மேசை நடுவே போன காசு உங்களுடையது இல்லை. வைத்த நொடியிலேயே அது ஜெயிப்பவருக்குச் சொந்தமாகிவிட்டது. இனி வைக்கப்போகும் காசுக்கு என்ன கிடைக்கும் என்பது மட்டுமே கேள்வி. ஃபிளஷ் ஆசையோடு தொடங்கியவருக்கு நான்காவது சீட்டும் அதே சின்னமாக வந்துவிட்டால், மற்றவர் சீட்டுகளைக் கணக்கில் சேர்க்காமல், ஃபிளஷ் அமையும் வாய்ப்பு 100-க்கு 47. தாராளமாகத் தொடரலாம். நான்காவது சீட்டு வேறு சின்னமாக விழுந்துவிட்டால் அது 100-க்கு 10 அல்லது 11-ஆகச் சுருங்கிவிடும். ஒரே ஒரு சீட்டு விழுந்ததில் இவ்வளவு மாற்றம். அந்தச் சீட்டைப் பார்த்தபின்னும் முடிவை மாற்றாமல் பிடிவாதம் பிடிப்பதைத்தான் இவர் வீரம் என்கிறார். நடுவில் பெருங்காசு சேர்ந்துவிட்ட நேரத்தில் சிறிய வாய்ப்புக்கும் ஒரு பந்தயம் வைப்பது சரியாகலாம், மறுக்கவில்லை. அதற்கும் வாய்ப்பு எவ்வளவு, நடுவில் காசு எவ்வளவு என்று இரண்டையும் எடைபோட்டாக வேண்டும். எடைபோடாதே, நில் என்பது அறிவுரையே இல்லை.

ஐந்தாவது, கண்ணைப் பார்த்து பிளஃப் செய் என்பது. இதற்கு அவர் காட்டும் ஆதாரம் ஒரு சினிமா. 1965-இல் நார்மன் ஜூவிசன் இயக்கத்தில் ஸ்டீவ் மக்வீனும் எட்வர்ட் ஜி. ராபின்சனும் நடித்த 'த சின்சினாட்டி கிட்'. கடைசி ஆட்டத்தில் இளைஞர் கிட்டிடம் மூன்று ஏஸும் இரண்டு பத்தும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ். முதியவர் லான்சியிடம் டைமன் ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ். லான்சி ஜெயிக்கிறார். துணிச்சல் ஜெயித்தது என்று இதற்குப் பொருள் சொல்கிறார் கட்டுரையாளர்.

அது ஃபைவ் கார்டு ஸ்டட் என்பதை அவர் சொல்லவில்லை. ஐந்து சீட்டில் ஃபுல் ஹவுஸ் வருவது 694-க்கு ஒரு முறை. ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ் வருவது ஏறத்தாழ 65,000-க்கு ஒரு முறை. இரண்டும் ஒரே ஆட்டத்தில், ஒரே மேசையில், எதிரெதிரே வருவதைக் கதாசிரியரால்தான் எழுத முடியும். அதைவிட முக்கியமானது, கிட்டின் முன்னால் பத்து ஜோடி திறந்து தெரிந்தபோதும் ஒரு ஜோடிகூட இல்லாமல் லான்சி காசு போட்டுக்கொண்டே போகிறார். யார்ட்லியின் விதிப்படி அவர் எப்போதோ விலகியிருக்க வேண்டும். அவரைக் காப்பாற்றியது கண்ணைப் படிக்கும் கலையில்லை, திரைக்கதை. நல்ல படம், நல்ல நடிப்பு. அதைப் பாடநூலாக்கிப் புதியவரிடம் கொடுப்பது அநியாயம்.

பிளஃப்பின் கணக்கைப் பாருங்கள். வரம்புள்ள மேசையில் கடைசிச் சுற்றில் நடுவில் 72 டாலர் இருக்கிறது. நீங்கள் ஒன்றுமில்லாத கையோடு 8 டாலர் வைக்கிறீர்கள். எதிராளி 8 வைத்தால் 80 கிடைக்கும். பதினொரு தடவையில் ஒரு தடவை அவர் கை ஜெயித்தாலே அவருக்கு முதல் திரும்பிவிடும். இந்த விலையில் ஒரு சாதாரண ஜோடிக்காரர்கூட எளிதில் விலகமாட்டார். உங்களுக்கும் பத்தில் ஒரு தடவை பலித்தால் போதுமே என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும். அந்தக் கடைசி 8 டாலரை மட்டும் பார்த்தால் சரிதான். அந்த இடம்வரை வந்து சேர ஏற்கெனவே 24 டாலரை வெறும் கையோடு வைத்திருக்கிறீர்களே, அதை யார் கணக்கில் எழுதுவது? அதுவும் சிறிய தொகை மேசைகளில், எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிக்கும் ஆட்டக்காரர்கள் நிரம்பிய இடத்தில், பிளஃப் செய்வது காசைத் தானம் செய்வது.

ஸ்டட்டில் பிளஃப்பே கிடையாது என்று நான் சொல்லவில்லை. அதற்கும் திறந்த சீட்டுதான் மூலதனம். உங்கள் முன்னால் மூன்று ஸ்பேடு வரிசையாகத் திறந்து கிடக்க, மற்றவர்கள் முன்னால் ஸ்பேடே காணோம் என்றால் உங்கள் பந்தயத்துக்கு மதிப்பு உண்டு. உங்களுக்கு வேண்டிய ஸ்பேடு பாதி வெளியே போயிருந்தால் மேசையைக் கவனிக்கும் எவரும் உங்களை நம்பமாட்டார். இப்போதைக்குப் பின்தங்கியிருந்தாலும் இனி வரும் சீட்டில் முந்த நல்ல வாய்ப்புள்ள கையோடு பந்தயம் வைப்பதை செமி பிளஃப் என்று பெயரிட்டு விளக்கியவர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி. அதிலும் வேண்டிய சீட்டு இன்னும் கட்டில் மிச்சமிருக்கிறதா என்பதுதான் அடிப்படை. கண்ணைப் பார்ப்பது தேர்ந்தவர்களுக்குக் கடைசியில் கிடைக்கும் ஒரு சிறு உதவி. புதியவருக்கு அது முதல் பாடமாக முடியாது. மூன்று மறைந்த சீட்டைப் பற்றிக் கண் சொல்வதைவிட நான்கு திறந்த சீட்டு தெளிவாகவே சொல்லிவிடும்.

இந்த ஐந்து அறிவுரைக்கும் அடியில் ஒரே நம்பிக்கை கிடக்கிறது. சீட்டாட்டம் முழுக்க அதிர்ஷ்டம், ஆகவே யோசித்துப் பயனில்லை என்பது. ஒரு இரவில் அதிர்ஷ்டம் யாரையும் ஜெயிக்க வைக்கும், மறுப்பதற்கில்லை. ஓராண்டு ஆடினால் ஒவ்வொருவருக்கும் நல்ல சீட்டும் கெட்ட சீட்டும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் வரும். அப்போது ஒருவர் ஏன் ஜெயிக்கிறார், மற்றவர் ஏன் தோற்கிறார்? கெட்ட கையில் யார் குறைவாக இழந்தார் என்பதே பதில். சிப் ரீஸ் என்ற ஆட்டக்காரர் டார்ட்மவுத் கல்லூரியில் படித்துவிட்டு, ஸ்டான்ஃபோர்டில் சட்டம் படிக்கப் போகிற வழியில் லாஸ் வேகஸில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டவர். டாயில் பிரன்சனின் 'சூப்பர் சிஸ்டம்' புத்தகத்தில் செவன் கார்டு ஸ்டட் பகுதியை எழுதியவர் அவர். 2006 உலகப் போக்கர் தொடரில், ஸ்டட் உட்பட ஐந்து வகை ஆட்டங்களை மாற்றி மாற்றி ஆடும் 50,000 டாலர் போட்டியை வென்றவரும் அவரே. முப்பது ஆண்டுக்கு மேல் உச்சியில் நிற்பது அதிர்ஷ்டத்தால் ஆகிற காரியமா?

சென்னை உயர் நீதிமன்றமும் 2023 நவம்பரில், தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் தொடர்பான வழக்கில், ரம்மியும் போக்கரும் திறன் ஆட்டங்கள் என்றே சொன்னது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை, திறனோ அதிர்ஷ்டமோ, ஒட்டுமொத்தமாகத் தடை செய்து 2025-இல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. திறன் என்று பெயர் வைத்தும் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்து வந்த சட்டம் அது. எனக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. திறன் ஆட்டத்தில் திறன் இல்லாமல் உட்காருபவர் நிச்சயமாகத் தோற்பார் என்பதைத்தான் இரண்டும் சேர்ந்து சொல்கின்றன. ஆகவே புதியவருக்கு அறிவுரை எழுதுவது பொறுப்பான வேலை. புளியங்கொட்டை வைத்து ஆடினாலும் கணக்கு இதே கணக்குதான். காசு வைத்து ஆடும் நாட்டில் இருப்பவருக்கோ தவறான அறிவுரையின் விலை மாதச் சம்பளம்.

கட்டுரையாளர் சொல்லியிருக்க வேண்டியவை இவை. ஒரே எண் மூன்று, பெரிய ஜோடி, வேண்டிய சீட்டு வெளியே போகாத ஒரே சின்னம் மூன்று, அப்படியே உயர்ந்த வரிசை மூன்று, இவை தவிர மற்றதைக் கவிழ்த்துவிடு. சிறிய ஜோடி என்றால், கூட இருக்கும் மூன்றாவது சீட்டு மேசையில் தெரிவதைவிடப் பெரியதாகவும், ஜோடிக்கு வேண்டிய சீட்டு வெளியே தெரியாததாகவும் இருந்தால் மட்டும் தொடர். ஜோடியின் இரண்டு சீட்டும் கவிழ்ந்து மறைந்திருந்தால் அது பிளந்து தெரியும் ஜோடியைவிடப் பலமானது. ஏஸோ ராஜாவோ திறந்து வைத்திருப்பவர் பந்தயத்தை ஏற்றினால் அவரிடம் அந்த ஜோடி இருப்பதாகவே எடுத்துக்கொள். நான்காவது சீட்டு உதவவில்லை என்றால் யோசி, ஐந்தாவதும் உதவவில்லை என்றால் எழுந்துவிடு. நல்ல கை வந்தால் பதுங்காதே, ஏற்று, பின்னால் வருபவர்கள் விலை கொடுத்து வரட்டும். ஒவ்வொரு முடிவுக்கு முன்னும் மேசையை ஒரு சுற்று பார்.

இதில் வீரம் இல்லை, சினிமா இல்லை. முக்கால்வாசி நேரம் சீட்டைக் கவிழ்த்துவிட்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரம் வீணில்லை, யார் எந்தக் கையோடு உள்ளே வருகிறார், யார் எதற்கு விலகுகிறார் என்று படிக்கும் நேரம் அது. புதியவர் கண்ணைப் பயன்படுத்த வேண்டிய இடமும் அதுதான்.

கட்டுரையாளரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஐந்து அறிவுரையையும் திரும்பப் பெறுங்கள். முடியாது என்றால், குறைந்தபட்சம் அவை புதியவர்களுக்கு உரியவை என்ற சொல்லையாவது எடுத்துவிடுங்கள். வாசகர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஸ்டட் ஆட உட்கார்ந்தால் உங்கள் மூன்று சீட்டைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன் மற்ற ஏழு பேரின் திறந்த சீட்டைப் பாருங்கள். உங்கள் சீட்டு எங்கும் போகாது. அவர்கள் சீட்டு ஒவ்வொன்றாகக் கவிழ்ந்துகொண்டே போகும்.